கொங்கு நாட்டில் தூண்டில் மீன்பிடிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல், சேலம் பக்கத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை ஒரு குச்சியும் ஒரு டப்பா புழுவுமாகக் கிளம்புகிறவர்களுக்காக எழுதியது. வலை போடுகிறவர்களுக்கும் வியாபாரத்துக்குப் பிடிக்கிறவர்களுக்கும் இதில் ஒன்றும் இல்லை. லீவுக்குக் கடற்கரைப் பக்கம் போகிறவர்களுக்குக் கடைசியில் கொஞ்சம் இருக்கிறது.

நமக்குக் கடலே இல்லையே, இங்கே தூண்டில் போட என்ன இருக்குதுங்க?

நிறைய இருக்கிறது. மேட்டூருக்குக் கீழே காவிரி, பவானி, அமராவதி என மூன்று ஆறுகள். மேட்டூர், பவானிசாகர், அமராவதி, ஆழியாறு, திருமூர்த்தி என அணைகள். பவானிசாகரிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் ஓடும் கீழ்பவானி வாய்க்கால், அதற்குப் பல நூற்றாண்டு மூத்த காலிங்கராயன் வாய்க்கால், கோவையைச் சுற்றி நொய்யலால் நிரம்பும் குளங்கள், கிராமத்துக்கு ஒரு குட்டை. ஒவ்வொரு தண்ணீருக்கும் ஒரு குணம் உண்டு. காவிரியில் பிடித்துப் பழகியவர் சூலூர் குளத்தில் வெறுங்கையோடு எழுந்து போவார். குளத்துக்காரர் காவிரிக்கரை ஜேடர்பாளையத்தில் தூண்டிலின் ஈயக் குண்டைப் பாறையில் சிக்கவைத்துவிட்டு நிற்பார். அதனால் வாரம் ஓர் இடம் என்று அலையாமல், வீட்டுக்குப் பக்கத்தில் ஒரே தண்ணீரை ஒரு வருஷம் முழுக்கப் பாருங்கள். ஏறும்போது எப்படி, இறங்கும்போது எப்படி, கலங்கினால் எப்படி என்று தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

எங்கே வேண்டுமானாலும் போடலாமா, அனுமதி வேணுங்களா?

தண்ணீர் பொதுவாக இருந்தாலும் அதிலுள்ள மீனுக்குப் பெரும்பாலும் ஒருவர் உரிமை வைத்திருக்கிறார். குளங்களை மீன்பாசிக் குத்தகைக்கு விடுகிறார்கள். எடுத்தவர் மீனவர் கூட்டுறவுச் சங்கமாகவோ தனி ஆளாகவோ இருக்கலாம். சொந்தக் காசு போட்டுக் குஞ்சு வாங்கி விட்டு, தீவனம் போட்டு, கண்விழித்துக் காவல் காத்து வளர்த்த மீன் அது. கரையில் உட்கார்ந்திருக்கும் காவலாளியிடம், "ஏனுங்ணா, ஒரு தூண்டில் போட்டுக்கலாங்களா?" என்று கேட்டுவிட்டு உட்காருங்கள். ஜிலேபி மீன் (திலாப்பியா) மட்டும் பிடித்துக்கொள் என்பார், அல்லது கிலோவுக்கு இவ்வளவு கொடுத்துவிட்டுப் போ என்பார். முடியாது என்றால் மறுபேச்சு வேண்டாம்.

அணைகளில் உரிமை மீன்வளத் துறையிடமோ, தமிழ்நாடு மீன்வளர்ச்சிக் கழகத்திடமோ, அவர்களிடம் குத்தகை எடுத்தவரிடமோ இருக்கும். அணைக்கரையில் மீன் எடை போடும் இடத்தில் விசாரித்தால் சொல்லிவிடுவார்கள். அணைச்சுவர், மதகு, ஷட்டர் பக்கம் நீர்வளத் துறைக்காரர்கள் விடமாட்டார்கள். விடாததுதான் சரி.

காட்டுக்குள் போடவே கூடாது. பவானிசாகருக்கு மேலே மாயாறு சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தில் வருகிறது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக் காவிரிக் காடுகளும் இப்போது சரணாலயங்கள்தான். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், சாயங்காலம் பவானிசாகர் நீர்ப்பிடிப்புக் கரைக்கு யானைகள் தண்ணீர் குடிக்க வரும். அமராவதியிலும் மாயாற்றிலும் முதலை உண்டு. கூடுதுறை, கொடுமுடி மாதிரிக் கோயில் படித்துறைகளில் சனங்கள் பொரி போட்டு வளர்த்த மீன்களின் மேல் தூண்டில் வீசாதீர்கள்.

ஆற்றில் தண்ணீர் திடீரென்று ஏறுமா?

ஏறும். இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

மேட்டூருக்குக் கீழே காவிரி தன் போக்கில் ஓடும் ஆறு இல்லை. செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, குதிரைக்கல்மேடு, ஊராட்சிக்கோட்டை என்று வரிசையாகக் கதவணைகள். மின்சாரம் எடுக்க ஒவ்வொன்றிலும் தண்ணீரைத் தேக்கி விடுகிறார்கள். கதவணைக்கு மேலே ஆறு குளம் மாதிரி நிற்கும், கீழே பாறை தெரியும். அந்தப் பாறை இடுக்குப் பள்ளங்களில்தான் நல்ல மீன் ஒதுங்கும் என்பதால் தூண்டில்காரர்கள் நடுப்பாறைக்கே போய்விடுகிறார்கள். மின்நிலையம் ஓட ஆரம்பித்தாலோ, மேலே ஒரு கதவைத் தூக்கினாலோ, நீங்கள் கணுக்கால் தண்ணீரில் கடந்து வந்த வழி கொஞ்ச நேரத்தில் இடுப்பளவு ஓட்டமாகிவிடும். வானத்தில் மேகமே இருக்காது. கர்நாடகத்தில் பெய்த மழைக்கு இங்கே வெயிலில் வெள்ளம் வரும்.

உட்கார்ந்ததும் தண்ணீர் விளிம்பில், பாதி நனைந்தும் பாதி காய்ந்தும் இருக்கிற மாதிரி ஒரு கல்லை வையுங்கள். இரை மாற்றும்போதெல்லாம் அந்தக் கல்லைப் பாருங்கள். காய்ந்த பாதி நனைந்தால் பெட்டியைக் கட்டுங்கள். தெளிந்த தண்ணீர் செம்மண் நிறத்துக்கு மாறுவதும், சருகும் நுரையும் மிதந்து வருவதும், இதுவரை கேட்காத இரைச்சல் மேல்பக்கம் கேட்பதும் அதே சேதிதான். மீன் இழுத்துக்கொண்டிருந்தால் நரம்பை (தூண்டில் நூலை) அறுத்துவிட்டு வாருங்கள். சைரன் ஊதினால் சாமானை எடுக்கக்கூட நிற்காதீர்கள். நடுப்பாறைக்குக் குழந்தைகளைக் கூட்டிப் போகவே வேண்டாம், எவ்வளவு அமைதியாகத் தெரிந்தாலும்.

வாய்க்காலும் இதே கதைதான். கீழ்பவானி வாய்க்கால் நிறைந்து ஓடும்போது மேலே அலையில்லாமல் வழுவழுவென்று போகும். சரிந்த கரையில் பாசி பிடித்திருக்கும். நீச்சல் தெரிந்தவரும் பிடிமானம் இல்லாமல் வெகுதூரம் போய்விடுவார். தண்ணீர் நிறுத்திய பிறகு மதகடிப் பள்ளங்களில் தேங்கி நிற்கும் மீனைப் பிடிப்பதுதான் வாய்க்காலுக்கு ஏற்ற முறை. பையன்களுக்கும் அதுதான் நல்ல பள்ளிக்கூடம்.

என்னென்ன சாமான் வாங்க வேணும்?

முதல் வருஷத்துக்குப் பத்துப் பன்னிரண்டு அடி மூங்கில் குச்சி போதும். காய்ந்த, கணு நெருங்கிய, நுனி வளைந்து நிமிரும் குச்சி. தக்கைக்குச் சோளத்தட்டின் உள்சக்கை அருமையாக இருக்கும். மயிலிறகுத் தண்டு அதைவிட உணர்ச்சி அதிகம், ஜிலேபி வாயை வைத்து உரசினாலே காட்டிவிடும். ரீல் வைத்த குச்சி அணைக்கும் அகலமான ஆற்றுக்கும் தேவைப்படும். ஏழெட்டு அடிக் குச்சி, நடுத்தர ஸ்பின்னிங் ரீல், 0.30 மில்லிமீட்டர் நரம்பு இருந்தால் இங்கே கிடைக்கும் பெரும்பாலான மீனுக்குச் சரி.

தூண்டில் முள் (கொக்கி) வாங்கும்போது எண் குழப்பும். 12, 10, 6, 4 என்று எண் குறையக் குறைய முள் பெரிதாகும். 1/0, 2/0 என்று பூஜ்யம் சேர்ந்துவிட்டால் எண் கூடக் கூடப் பெரிது. ஜிலேபிக்கும் பொடிக் கெண்டைக்கும் 10 அல்லது 12. ரோகு, கெளுத்திக்கு 4 அல்லது 6. விராலுக்கு 1/0 முதல்.

கார்பன் குச்சி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: கார்பனில் மின்சாரம் பாயும். நம் ஊர் வாய்க்கால் கரையிலும் குளத்து மேட்டிலும் மின்கம்பி தாழ்வாகப் போகிறது. நீட்டிய குச்சியைத் தோளில் சாய்த்துக்கொண்டு அதன் அடியில் நடக்காதீர்கள். இடி இடித்தால் குச்சியை மடித்துக் கீழே வையுங்கள்.

எந்த மீனுக்கு என்ன இரை?

கட்லா மேல்தண்ணீரில் மேயும், ரோகு நடுவில், மிருகால் தரையில். மூன்றும் கங்கைச் சமவெளியிலிருந்து கொண்டுவந்து நம் அணைகளிலும் குளங்களிலும் விடப்பட்டவை. இரை எது என்பதைவிட அது எந்த ஆழத்தில் நிற்கிறது என்பதே முக்கியம். தக்கையை ஏற்றி இறக்கிப் பார்க்காமல் மாவை மட்டும் மாற்றிக்கொண்டே இருப்பவர்கள்தான் அதிகம்.

கெண்டை வகைக்கு மாவு உருண்டை. கோதுமை மாவும் வறுத்த கடலைப் பிண்ணாக்குத் தூளும் சரிபாதி, சப்பாத்தி மாவைவிடக் கொஞ்சம் இறுக்கம். ராகிக் களியும் ஆகும், முள்ளில் நன்றாக நிற்கும். தவிடும் ஊறவைத்த பிண்ணாக்கும் சேர்த்து நெல்லிக்காய் அளவு நாலைந்து உருண்டையை முதலில் அதே இடத்தில் போட்டுவிட்டு, கால்மணி நேரம் கழித்துத் தூண்டிலை இறக்குங்கள். குழம்பிய தண்ணீருக்கு மண்புழு. கெளுத்திக்குக் கோழிக்குடல், இருட்டும் நேரம்.

எனக்கு ஜிலேபி மட்டும்தான் மாட்டுதுங்க. என்ன பண்ணலாம்?

பிடித்துக்கொண்டே இருக்கலாம். ஜிலேபி ஆப்பிரிக்க மீன், 1952-இல் இந்தியாவுக்கு வந்தது. பெண் மீன் முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள்ளேயே வைத்துக் காப்பதால் வெகு வேகமாகப் பெருகி, நம் நாட்டு மீனின் இடத்தை எடுத்துக்கொண்டது. எத்தனை பிடித்தாலும் நஷ்டமில்லை. கரையோரம் முழங்கால் ஆழத்தில் தட்டு தட்டாகப் பள்ளம் தெரிந்தால் அது ஆண் ஜிலேபி தோண்டிய கூடு, அதற்கு நேராகப் புழுவை இறக்குங்கள்.

வேறு மீன் வேண்டுமென்றால் இரையைப் பெரிதாக்கி, இடத்தை ஆழமாக்குங்கள். கட்டைவிரல் அளவு மாவு உருண்டையைச் சின்ன ஜிலேபி கொத்திக் கரைக்கலாம், விழுங்க முடியாது.

ஆப்பிரிக்கக் கெளுத்தி மாட்டினாலும் திரும்ப விடவேண்டாம். தட்டையான அகலத் தலை, நான்கு ஜோடி மீசை, முதுகு முழுக்க ஓடும் நீளத் துடுப்பு, மார்பிள் மாதிரித் திட்டு என்று இருக்கும். இதை வளர்ப்பதற்கே நாட்டில் தடை இருக்கிறது. வெள்ளத்தில் பண்ணைக்குட்டையிலிருந்து தப்பி ஆற்றுக்கு வந்து, கண்ணில் பட்டதையெல்லாம் தின்கிறது.

விரால் பிடிக்க எது நல்ல முறை?

ஆகாயத்தாமரைக்கும் கோரைக்கும் நடுவே ரப்பர் தவளையை வீசி, விட்டு விட்டு இழுப்பது. விரால் மேலே வந்து காற்றைக் குடிக்கும் மீன், அதனால் நிற்கும் இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். கவ்வியதும் இழுக்காதீர்கள். ஒன்று, இரண்டு எண்ணி, தவளை தண்ணீருக்குள் போனபின் ஓங்கி இழுங்கள். உயிர்த் தவளையை முள்ளில் குத்துவது தேவையே இல்லை.

மழை தொடங்கிய பிறகு ஒரு காட்சியைப் பார்க்கலாம். தண்ணீர் மேல் உள்ளங்கை அகலத்துக்குச் செங்கல் நிறத்தில் ஏதோ கொதிக்கிற மாதிரித் தெரியும். நூற்றுக்கணக்கான விரால் குஞ்சுகள் ஒன்றாக மேலே வந்து மூச்சு வாங்குகின்றன. ஒரு சாண் கீழே தாயோ தகப்பனோ கருப்பாக நின்றுகொண்டிருக்கும். தவளையை அங்கே வீசினால் நிச்சயம் பாயும், பசியால் அல்ல, குஞ்சைக் காக்க. அதைப் பிடித்துவிட்டால் ஜிலேபியும் கெண்டையும் மொத்தக் கூட்டத்தையும் அரைமணியில் முடித்துவிடும். சுலபமாக மாட்டுகிறது என்பதற்காகவே இதைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

பொம்மீன் என்கிறார்களே, அது இன்னும் இருக்கிறதா?

இருக்கிறது, விரல்விட்டு எண்ணும் இடங்களில். காவிரியில் முதுகு திமிலாக எழும்பி, துடுப்பு ஆரஞ்சாக இருக்கும் பெரிய கெண்டை. 1946-இல் காவிரியின் கிளையாறான கபினியில் ஒருவர் தூண்டிலில் பிடித்தது 120 பவுண்டு, அதாவது 54 கிலோவுக்கும் மேல். காவிரிப் படுகையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத மீன் இது. அறிவியல் பெயர் வந்தது 2007-இல், நம் அமராவதிக்குத் தண்ணீர் தரும் பாம்பாற்றில் கிடைத்த மீன்களை வைத்து. காவிரியின் திமில் மீனும் அதுவும் ஒன்றுதான் என்று 2018-இல் உறுதி செய்தார்கள். அதே ஆண்டு உலக அளவில் அழிவின் விளிம்பில் இருக்கும் இனமாக அறிவித்தார்கள். அணைகள், வெடி, மணல் அள்ளியது, வேறு ஆற்றுப் பொம்மீன் குஞ்சுகளைக் காவிரியில் கொண்டுவந்து விட்டது எல்லாம் சேர்ந்து இந்தக் கதிக்குக் கொண்டுவந்தன.

தற்செயலாக மாட்டினால் கரைக்குத் தூக்காதீர்கள். கையை நனைத்துக்கொண்டு, மீனைத் தண்ணீருக்குள்ளேயே வைத்து முள்ளைக் கழற்றுங்கள். செவுளுக்குள் விரல் விடக்கூடாது. முள் ஆழமாகப் போயிருந்தால் நரம்பை ஒட்ட அறுத்துவிடுங்கள். தலையை ஓட்டத்துக்கு எதிராகத் திருப்பிப் பிடித்தால் கொஞ்ச நேரத்தில் வாலை உதறிக்கொண்டு தானே போகும். போட்டோ வேண்டுமானால் தண்ணீரில் இருக்கும்போதே எடுக்கலாம். எடுத்த இடத்தை மட்டும் யாருக்கும் சொல்லாதீர்கள்.

கெளுத்தி குத்திவிட்டால்?

முதுகில் ஒன்று, இரண்டு பக்கத்திலும் ஒவ்வொன்று என மூன்று முள். குத்தினால், கை தாங்குகிற சூட்டில் (45 டிகிரிக்கு மேல் வேண்டாம்) வெந்நீரில் அரைமணிக்குமேல் வைத்திருங்கள், வலி நன்றாக இறங்கும். சூட்டை அடிபடாத கையால் பார்த்துக்கொள்ளுங்கள். முள் உடைந்து உள்ளே நின்றாலும், சர்க்கரை நோய் இருந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள், டி.டி. (டெட்டனஸ்) ஊசி பற்றியும் கேளுங்கள். தேளியும் கடல் கெளுத்தியும் குத்தினால் இன்னும் கடுமை.

எந்த மாசம், எந்த நேரம் நல்லது?

விடியலும் அந்தியும் என்று எல்லாரும் சொல்வார்கள். ஆற்றுக்கு அது சரி. பச்சைப் பசேலென்று பாசி கரைந்த நகரத்துக் குளங்களுக்குச் சரியில்லை. பாசி பகலில் பிராணவாயுவை விடும், இரவெல்லாம் எடுத்துக்கொள்ளும். விடியும்போது தண்ணீரில் பிராணவாயு மிகக் குறைவாக இருக்கும், மீன் வாயைப் பிளந்துகொண்டு மேலே நிற்கும், இரையைத் தொடாது. அங்கே எட்டு மணிக்குமேல் போனால் போதும்.

ஆடிக்காற்றில் வீட்டிலேயே இருந்துவிடுகிறவர்கள் நல்ல காலத்தை விடுகிறார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து அடிக்கும் காற்று, மிதக்கும் தீனியையெல்லாம் கிழக்குக் கரைக்குத் தள்ளுகிறது, மீனும் பின்னாலேயே வருகிறது. காற்றுக்கு முதுகைக் காட்டி மேற்குக் கரையில் உட்காருவது சுகம், மீன் எதிர்க்கரையில் இருக்கும். கிழக்குக் கரையில், முகத்தில் காற்று அடிக்க, கொஞ்சம் கனமான ஈயத்தோடு உட்காருங்கள்.

நொய்யல் மீனைச் சாப்பிடலாங்களா?

திருப்பூருக்குக் கீழே பிடித்ததை வேண்டாம். திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கி, நொய்யலில் உள்ள ஒரத்துப்பாளையம் அணை கெட்டுப்போனது நமக்குத் தெரியும். 2011-இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு நிலைமை மாறத் தொடங்கினாலும், அடிமண்ணில் படிந்தது சீக்கிரம் போகாது. நகரத்துச் சாக்கடை கலக்கும் குளங்களிலும் பிடித்து விடுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கரண்ட் வைத்துப் பிடிக்கிறார்கள், என்ன செய்வது?

நேரில் சண்டைக்குப் போகாதீர்கள், மீன்வளத் துறைக்கும் காவல் நிலையத்துக்கும் சொல்லுங்கள். வெடியும் விஷமும் 1897-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே குற்றம். கரண்ட் வைத்தால் குஞ்சும் புழுவும் சேர்ந்து சாகும், வைக்கிறவரும் செத்திருக்கிறார்கள்.

கடலுக்குப் போக ஆசை. எங்கே, எப்படி?

கோவைக்காரர்களுக்குப் பக்கத்துக் கடல் மேற்கேதான். நம் ஆழியாற்றுத் தண்ணீர் சித்தூர்ப்புழை வழியாகப் பாரதப்புழையில் சேர்ந்து பொன்னானியில் கடலில் விழுகிறது. அந்தக் கழிமுகத்தில் ஆற்று மீனும் கடல் மீனும் கலந்திருக்கும். கொடுவா (அங்கே காளாஞ்சி), செம்பல்லி, பாரை, மடவை, கரிமீன் எல்லாம் கிடைக்கும்.

ஆற்றுக்காரர் புதிதாகப் பழக வேண்டியது ஓதம், அதாவது கடல் தண்ணீர் ஏறுவதும் வற்றுவதும். ஒரு நாளில் இருமுறை ஏறி இருமுறை வற்றும், நாளுக்கு நாள் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். தண்ணீர் அசையாமல் நிற்கும் நேரத்தில் மீனும் சும்மா இருக்கும். ஏறத் தொடங்கும்போதும் வற்றத் தொடங்கும்போதும் வாய்க்கால் வாய்களில் கொடுவா காத்திருக்கும். "வேலியேற்றம் (ஓதம் ஏறுவது) எப்போ?" என்று கரையில் கேட்டால் மணியைச் சொல்லிவிடுவார்கள். கல் தடுப்புச் சுவர்மேல் செருப்போடு ஏறாதீர்கள், பாசியில் வழுக்கும்.

ஆனி, ஆடியில் நம் குளத்துக்கு நல்லது செய்யும் அதே காற்றுதான் அங்கே கடலைக் கொந்தளிக்க வைக்கும். கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை இழுவைப் படகுகளுக்குத் தடை உண்டு. கரையிலிருந்து தூண்டில் போடுவதை அது தடுக்காது என்றாலும் அலைக்கு அருகில் நிற்க வேண்டாம். நவம்பரிலிருந்து மார்ச் வரை போவது நல்லது. கிழக்கே ராமேஸ்வரம், தூத்துக்குடிப் பக்கம் போகிறவர்கள் கவனிக்க: மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா, அவற்றை ஒட்டிப் பிடிக்கக்கூடாது. அங்கே விசைப்படகுத் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை.

படகில் போவதானால் பதிவு பெற்ற படகு, ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட், கரையில் ஒருவருக்குத் திரும்பும் நேரம் சொல்லிவிட்டுப் போவது, இந்த மூன்றும் இல்லாமல் ஏறாதீர்கள். படகோட்டுகிற அண்ணன் இன்றைக்கு வேண்டாம் என்றால் முன்பணத்தைப் பற்றி யோசிக்கவே கூடாது. திரும்பியதும் ரீலை நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள். ஆற்றுக்கு வாங்கிய ரீல் ஒரு வாரம் உப்போடு கிடந்தால் இறுகிவிடும்.

குளத்து மீனில் மண்வாடை அடிக்குது. எப்படிப் போக்கறதுங்க?

நீலப்பச்சைப் பாசியிலிருந்து வரும் ஜியோஸ்மின் என்ற பொருள்தான் அந்த வாடை. புளிப்புப் பட்டால் அது சிதையும், ஆகவே அம்மிச்சிமார் புளித்தண்ணியில் ஊறவைத்தது முழுக்கச் சரி. செதிலைச் சுரண்டி, வயிற்றுக்குள் ஒட்டியிருக்கும் கருப்புத் தோலைக் கல்லுப்பால் தேய்த்து எடுங்கள். பிறகு கெட்டிப் புளிக்கரைசலிலோ புளித்த மோரிலோ கால்மணி நேரம் வைத்துக் கழுவி, மஞ்சள் பூசுங்கள். கட்லாத் தலைக்கு வறுத்த கொத்தமல்லி, மிளகு, சின்ன வெங்காயம், தேங்காய் அரைத்த குழம்பு. பொடி ஜிலேபிக்குக் குழம்பு வேண்டாம், இரண்டு பக்கமும் கீறி மிளகாய்த்தூள் தடவி, தோசைக்கல்லில் நல்லெண்ணெய் விட்டு மொறுமொறுவென்று சுட்டு எடுங்கள்.